சனியின் 274 உபகோள்களும் இத்தனை காலம் எங்கே இருந்தன?

உப்புவெளியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே அறிவிப்பில் 128 உபகோள்கள் சேர்ந்து, மொத்தம் 274 ஆனது என்று செய்தி வந்தது. அவருடைய மாமா வைத்திருக்கும் பழைய வானியல் புத்தகத்திலோ 18 என்று இருக்கிறது. மிச்சமெல்லாம் இத்தனை காலம் எங்கே போயிருந்தன? வளையத்துக்குள் கிடந்த 300 மீற்றர் கல் ஒன்றையும் உபகோள் என்கிறார்களே, அப்படியானால் வளையத்திலுள்ள கல்லெல்லாம் உபகோள்தானே? திருகோணமலைக் கடற்கரையில் நின்று இவற்றில் எத்தனையைப் பார்க்கலாம்?

தம்பி, அந்தப் புத்தகத்தில் பிழையில்லை. 1990 இல் கணக்கு 18 தான். 2000 இல் 30, 2019 இல் 82, 2023 இல் 146, பிறகு 274. சனி இடையில் புதிதாக எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தன. அதைவிட வேடிக்கை, அவற்றில் சில கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே படங்களில் பதிந்து, காப்பகத்தில் கிடந்தன. சின்ன உபகோள் ஒன்று தானாக முன்வந்து கண்ணில் படுவது அபூர்வம். அது அக்கம்பக்கத்தில் செய்துவைத்த குழப்பந்தான் முதலில் தெரியவரும். ஆளைப் பிடிப்பது பிறகு.

முதல் தடை வளையத்தின் வெளிச்சம். சனியின் வளையம் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டி. சூரிய ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதற்கு அருகில் பத்து இருபது கிலோமீற்றர் குறுக்களவுள்ள ஒரு கட்டி சுற்றினால், பூமியிலிருந்து பார்க்கும் தொலைகாட்டிக்கு அந்தப் பிரகாசத்தில் அது கரைந்துபோகும். ஆனால் சனி சூரியனை ஒருமுறை சுற்ற எடுக்கும் ஏறத்தாழ 29½ ஆண்டுகளில் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நேராக நம்மை நோக்கித் திரும்பும். வளையத்தின் தடிப்பு பல இடங்களில் பத்து மீற்றர் அளவுதான். ஆகவே அந்த நாட்களில் வளையமே காணாமற்போய்விடும்.

இப்போது பழைய கண்டுபிடிப்புகளின் ஆண்டுகளைப் பாருங்கள். ஹைகன்ஸ் டைட்டனைக் கண்டது 1655. கசினி இயாபெற்றஸைக் கண்டது 1671, டெதிஸையும் டையோனியையும் கண்டது 1684. வில்லியம் ஹேர்ஷல் மைமாஸையும் என்சலடஸையும் கண்டது 1789. ஹைப்பீரியன் 1848. எல்லாமே வளையம் மறையும் காலத்தை ஒட்டியவை. திறமை, நல்ல கண்ணாடி, பொறுமை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வானம் வாசலைத் திறந்த ஆண்டுகளில்தான் அவை பலித்தன. இந்த வரிசையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பாடப்புத்தகங்கள் பெயரையும் ஆண்டையும் தருகின்றன, ஏன் அந்த ஆண்டு என்று ஒருவரும் சொல்வதில்லை.

1966 இல் வாசல் மறுபடி திறந்தபோது ஒரு குழப்பம் நடந்தது. டிசம்பர் 15 அன்று பிரான்சின் ஓடுவான் டொல்ஃபஸ் வளையத்துக்குச் சற்று வெளியே ஒரு புதிய உபகோளைப் பார்த்தார். மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் ரிச்சர்ட் வோக்கரும் ஒன்றைப் பார்த்தார். இருவரும் கண்டது ஒன்றே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரே பாதையில் ஒரே பொருளை வைத்துக் கணித்தால் அவதானங்கள் பொருந்தவில்லை. 1978 இல்தான் ஃபவுன்ரனும் லார்சனும், அங்கே இருப்பது ஒன்றல்ல இரண்டு என்றால் கணக்குச் சரிவரும் என்று காட்டினார்கள். 1980 இல் வொயேஜர் 1 விண்கலம் போய் அதை உறுதிசெய்தது. ஜேனஸ், எபிமீதியஸ் என்ற அந்த இரண்டின் பாதைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சுமார் 50 கிலோமீற்றர்தான். அவற்றின் உடலோ அதைவிடப் பெரிது. மோதிக்கொள்ளாமல், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈர்ப்பால் ஒன்றையொன்று இழுத்துப் பாதைகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே பாதையில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றாததுதான் பன்னிரண்டு ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம்.

அதே 1980 இல் வொயேஜர் 1 அட்லஸ், ப்ரொமீதியஸ், பண்டோரா என்ற மூன்றையும் காட்டியது. பின்னிரண்டும் எஃப் வளையம் (சனியின் வளையங்களுக்கு எழுத்துகள்தான் பெயர்) என்ற மெல்லிய வளையத்துக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சுற்றுகின்றன. மேய்ப்பர் உபகோள்கள் என்ற பெயர் அப்போதுதான் பரவியது.

இனி பான். உங்கள் புத்தகத்தின் 18 ஆவது அதுதான். எனக்குப் பிடித்த கதையும் அதுதான்.

சனியின் ஏ வளையத்தில் என்கே இடைவெளி என்று 325 கிலோமீற்றர் அகலமான ஒரு வெறுமை உண்டு. வொயேஜர் படங்களில் அதன் விளிம்பு நேர்த்தியான வட்டமாக இல்லை. ஓர் ஒழுங்கான அலை போல நெளிந்திருந்தது. 1985 இல் ஜெஃப் குஸ்ஸியும் ஜெஃப்ரி ஸ்கார்கிலும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உபகோள் உள்ளே ஓடினால்தான் இப்படி நெளியும் என்றார்கள். விடியற்காலையில் கோணேசர் கோவில் மலையுச்சியில் நின்று கீழே கடலைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் போகும் வள்ளம் தெரியாது. அது இழுத்துச்செல்லும் அலைக்கோடு வடிவாகத் தெரியும். கோட்டைப் பின்தொடர்ந்து கண்ணை ஓட்டினால் வள்ளம் அகப்படும். இங்கும் வேலை அதுதான், ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே அலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பின்னால் விழாது. உபகோளைவிடச் சனிக்குக் கிட்ட இருக்கும் துணிக்கைகள் அதைவிட வேகமாக ஓடும், அதனால் உள்விளிம்பு அலை உபகோளுக்கு முன்னால் நீளும். வெளித் துணிக்கைகள் மெதுவானவை, ஆகவே வெளிவிளிம்பு அலை பின்னால் இழுபடும்.

நீங்கள் பௌதிகவியல் படிப்பவர் என்பதால் ஒரு சூத்திரம் சொல்கிறேன். ஒரு துணிக்கை உபகோளைக் கடக்கும்போது சிறு இழுப்பு வாங்குகிறது. அதற்குப் பிறகு அதன் பாதை கொஞ்சம் நீள்வட்டமாகிறது. ஒரு சுற்றில் ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே. அந்த ஒரு சுற்று நேரத்தில் உபகோளுக்குச் சார்பாக அது நகர்ந்திருக்கும் தூரமே விளிம்பலையின் அலைநீளம். கெப்ளரின் மூன்றாம் விதியிலிருந்து போட்டுப் பார்த்தால், அலைநீளம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஆரைத் தூரத்தின் 3π மடங்கு என்று வரும். இடைவெளியின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் என்றால் அலைநீளம் 1500 கிலோமீற்றர் அளவு. அதாவது அலைநீளத்தை அளந்தால் உபகோளின் பாதை எங்கே என்று தெரியும். அலையின் உயரத்தை அளந்தால் அதன் திணிவு தெரியும். ஆளைக் காணாமலே முகவரியும் நிறையும் கைக்கு வந்துவிட்டன.

மார்க் ஷோவால்ற்றர் இந்தக் கணிப்பைக் கையிலெடுத்து, 1981 இல் வொயேஜர் 2 எடுத்த படங்களில் எந்தெந்தப் படத்தில் அந்த உபகோள் விழுந்திருக்க வேண்டும் என்று கணினியில் தேடினார். 1990 இல் 11 படங்களில் அது அகப்பட்டது. சுமார் 28 கிலோமீற்றர் குறுக்களவு, சனியை ஒருமுறை சுற்ற 13.8 மணி நேரம். ஒன்பது ஆண்டுகளாகப் படங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. 2017 மார்ச்சில் கசினி விண்கலம் கிட்டப் போய் எடுத்த படங்களில், பானின் நடுவைச் சுற்றி ஒரு பெரிய வரம்பு தெரிந்தது. வளையத்திலிருந்து வந்து ஒட்டிய துகள்கள் அவை.

கசினி 2004 இல் சனியை அடைந்து 2017 செப்டம்பர் 15 வரை வேலை செய்தது. அதன் கையில் இதே வித்தை இன்னும் கூர்மையானது. கீலர் இடைவெளி 42 கிலோமீற்றர் அகலந்தான்; அதன் விளிம்பும் நெளிந்திருந்ததால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று முன்னரே எதிர்பார்த்தார்கள். 2005 மே மாதம் டாஃப்னிஸ் பிடிபட்டது, 8 கிலோமீற்றர் அளவில். அதன் பாதை சற்றுச் சாய்ந்திருப்பதால் விளிம்புத் துகள்களை மேலும் கீழுமாகவும் கிளப்பிவிடுகிறது. பத்து மீற்றர் தடிப்பான வளையத்தில் ஒரு கிலோமீற்றரையும் தாண்டும் அலைகள்.

இந்த உயரத்தை எப்படி அளந்தார்கள் என்றால், நிழலால். 2009 ஓகஸ்டில் சனியில் பகலிரவு சமமான காலம். சூரிய ஒளி வளையத்தின் மேல் கிட்டத்தட்டக் கிடையாக விழுந்தது. சின்ன மேடுகூட நீண்ட நிழல் போடும். அந்த ஜூலை 26 அன்று எடுத்த ஒரு படத்தில் பி வளையத்தின் மேல் 36 கிலோமீற்றர் நீளக் கறுப்புக் கோடு ஒன்று கிடந்தது. சூரியன் எந்தக் கோணத்தில் என்று தெரியும், கோட்டின் நீளம் தெரியும். முக்கோணக் கணக்குப் போட்டால் வளையத்துக்கு மேலே 150 மீற்றர் நீட்டிக்கொண்டு ஒரு பொருள். ஆகவே மொத்தம் 300 மீற்றர். நீங்கள் கேட்ட கல் அதுதான், தம்பி. எஸ்/2009 எஸ் 1 என்ற தற்காலிகக் குறியீடு மட்டுமே அதற்கு உண்டு.

அதைவிடச் சின்னவையும் உண்டு. 2006 இல் ஏ வளையத்தில் நான்கு விசித்திரமான இரட்டைக் கீற்றுகளை அறிவித்தார்கள். விசிறித் தகடு போன்ற வடிவம் என்பதால் புரொப்பெல்லர் என்றே பெயர். நடுவில் நூறு மீற்றர் அளவுக் கட்டி. இடைவெளியைச் சுற்றுமுழுதும் துப்புரவாக்கும் அளவுக்கு அதற்கு ஈர்ப்புப் போதாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் விலக்கும், துகள்கள் மறுபடி வந்து மூடிவிடும். அந்த அரைகுறை வேலைதான் கீற்றாகத் தெரிகிறது. பிறகு இன்னும் பெரிய புரொப்பெல்லர்கள் அகப்பட்டன, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளக் கீற்றுகளோடு. அவற்றுக்கு ப்ளேரியோ, ஏர்ஹார்ட் என்று பழைய விமானிகளின் பெயர்களைச் செல்லமாக வைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்.

சனியை விட்டு வெளியே போனால் வளையமும் உபகோளும் ஒன்றுக்கொன்று வேடம் மாறிய கதைகள் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்து சமுத்திரத்தின் மேல் விமானத்தில் தொலைகாட்டியோடு பறந்தார்கள். அதே இரவு தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் 1 மீற்றர் தொலைகாட்டியில் காத்திருந்தார்கள். நம் ஊரிலிருந்து ஆகாயவழியே ஐந்நூறு கிலோமீற்றர் அளவுதான் காவலூர். கோள் மறைக்கும் நேரத்துக்குப் புறம்பாக நட்சத்திரம் மங்கி மீண்டது. காவலூர்க்காரர் அதைப் புதிய உபகோள் என்று எழுதினார்கள். ஆனால் விமானத்தில் பதிந்த மங்கல்கள் கோளின் இரண்டு பக்கமும் சமச்சீராக வந்ததால், அது வளையம் என்று தெளிவானது. காவலூர் அவதானம் பிழையில்லை. கண்டது வளையத்தை, எழுதியது உபகோள் என்று. எங்கள் பக்கத்துக்காரர் யுரேனஸ் வளையத்தை அன்றிரவே பார்த்துவிட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லவேண்டும்.

நெப்டியூனில் இது தலைகீழாக நடந்தது. 1981 மே மாதம் அங்கே வளையம் தேடி இதே முறையில் பார்த்தார்கள். நட்சத்திரம் ஒருமுறை மங்கியது. உபகோளாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அத்தனை சிறிய பொருள் சரியாக அந்தக் கோட்டில் வர வாய்ப்பே இல்லை என்று பலர் நம்பவில்லை. 1989 இல் வொயேஜர் 2 போனபோது அது உண்மையாகவே உபகோள்தான். இன்று அதன் பெயர் லரிஸா.

யுரேனஸை வொயேஜர் 2 கடந்தது 1986 ஜனவரியில். பத்துச் சிறிய உபகோள்கள் உடனே கிடைத்தன. அவற்றில் கோடீலியாவும் ஒஃபீலியாவும் எப்சிலன் வளையத்தின் இரு பக்கக் காவலாளிகள். பதினொன்றாவது, பேர்டிற்றா, அதே படங்களில் இருந்தும் 1999 வரை யாருக்கும் அகப்படவில்லை. எரிக் கர்கோஷ்கா அதைக் கண்டெடுத்தார். ஆனால் வேறு படம் எதிலும் அது இல்லை என்று சொல்லிச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2001 இல் அதைக் கணக்கில் சேர்க்க மறுத்தது. 2003 இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி அதைப் படமெடுத்த பிறகே இடம் கிடைத்தது. 2025 பெப்ரவரியில் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, 40 நிமிடம் வீதம் பத்துத் தடவை ஒளியைச் சேகரித்து, 10 கிலோமீற்றர் அளவான இன்னொன்றைக் காட்டியது. வொயேஜர் அதன் அருகால் போயும் தவறவிட்டிருந்தது.

நெப்டியூனின் ஹிப்போகாம்ப் பற்றி ஒரு வார்த்தை. இதையும் 2013 இல் கண்டவர் ஷோவால்ற்றர்தான். கோளுக்கு அருகில் இருக்கும் உபகோள் விரைவாக ஓடும், நீண்ட நேரம் படம் பிடித்தால் இழுபட்டு மங்கிப்போகும். அவர் செய்தது, ஐந்து நிமிடப் படங்கள் எட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் புள்ளிகளைச் சுற்றுப்பாதை வழியே கணக்குப்படி நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். ஓடும் பொருள் கணினிக்குள் நின்றுவிட்டது. 2004 இலிருந்து 2009 வரை ஹபிள் எடுத்த 150 க்கும் மேற்பட்ட படங்களில் அதே புள்ளி இருந்தது.

செய்தியில் வந்த 128 உம் இதே உத்தியின் பிள்ளைகள். எட்வர்ட் ஆஷ்டனும் கூட்டாளிகளும் ஹவாயில் மௌனகேயா மலையிலுள்ள 3.6 மீற்றர் தொலைகாட்டியால் மூன்று மூன்று மணி நேரமாகத் தொடர்படங்கள் எடுத்து, சனி நகரும் வேகத்துக்கு அவற்றை நகர்த்தி அடுக்கினார்கள். ஆனால் இவை வளையத்துப் பிள்ளைகள் அல்ல. சனியிலிருந்து மிகத் தொலைவில், பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றும் சில கிலோமீற்றர்க் கட்டிகள். சனி எப்போதோ பிடித்தவை மோதி உடைந்த துண்டுகள் என்றும், ஒரு மோதல் கடந்த 10 கோடி ஆண்டுகளுக்குள் நடந்திருக்கலாம் என்றும் அந்தக் குழு கருதுகிறது. என் கருத்தைக் கேட்டால், 146 ஆ 274 ஆ, வியாழனா சனியா முன்னே என்ற போட்டியில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. இன்னும் பெரிய கண்ணாடி வந்தால் எண் இன்னும் கூடும். வளையத்தை நெளியவைக்கும் பானும் டாஃப்னிஸும் சொல்லித்தரும் பௌதிகம் அந்த 128 ஐயும் விடக் கனமானது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உபகோளுக்கு இன்ன அளவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேச வானியல் ஒன்றியம் எல்லை வகுக்கவில்லை. நடைமுறையில் பார்ப்பது அளவையல்ல, தனி ஆளாக அடையாளம் கண்டு பாதையைக் கணித்து, மறுபடி போய்த் தேடினால் அதே இடத்தில் இருக்கிறதா என்பதை. பேர்டிற்றா நாலு வருடம் வெளியே நின்றது இதனால்தான். வளையத்துக் கற்கள் பெரும்பாலும் சில மீற்றருக்கு உட்பட்டவை. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டும் சேர்ந்தும் பிரிந்தும் இருப்பவை. அவற்றில் ஒன்றைக் குறித்துவைத்து நாளைக்குத் தேட முடியாது. புரொப்பெல்லர்கள் நடுவில் நிற்கின்றன. பெரியவற்றைப் பின்தொடரலாம், இருந்தும் கணக்கில் சேர்க்கவில்லை. எகேயன் என்ற அரைக் கிலோமீற்றர்ச் சொச்சக் கட்டியோ, 2008 இல் கசினிப் படத்தில் ஜி வளையத்துக்குள் அகப்பட்டு, பாதை நிச்சயமானதும் பெயரும் வாங்கிவிட்டது. இங்கே கூரான கோடு எதுவும் இல்லை. பரீட்சையில் கேட்டால் அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவது கேள்வி. மேலே சொன்ன சின்னவற்றில் திருகோணமலையிலிருந்து ஒன்றும் தெரியாது, பூச்சியம். ஆனால் டைட்டன் தெரியும். சனி 2026 ஒக்டோபர் 4 அன்று சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. நமக்கு ஒக்டோபருக்குப் பிறகு மாரி முகில் வந்து மறைத்துவிடும், ஆகவே கச்சான் காற்றுக் காலத்தில், ஓகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் பாருங்கள். ஓகஸ்ட் தொடக்கத்தில் இரவு பத்து மணியளவில் கடலிலிருந்து எழும்பும், பின்னிரவில் ஏறத்தாழத் தலைக்கு மேலே வரும். எழும்பியவுடன் பார்க்கவேண்டாம், கடல்மட்டத்தில் காற்று கலங்கும், இரண்டு மணி நேரம் பொறுங்கள். உப்புவெளியில் விடுதி வெளிச்சம் கூடிவிட்டது. நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனால் நல்ல இருட்டு.

10×50 பைனாகுலரை எதிலாவது ஊன்றி வைத்தால் டைட்டன் ஒரு மங்கல் புள்ளியாகத் தெரியும். 16 நாளில் ஒரு சுற்று, எனவே ஒன்றுவிட்ட இரவுகளில் படம் வரைந்து வைத்தால் நகர்வது புரியும். 4 அங்குலத் தொலைகாட்டி இருந்தால் ரியாவும் கிடைக்கும். வளையம் 2025 இல் விளிம்பாய் நின்றது இப்போதுதான் மெல்லத் திறக்கிறது. 2032 அளவில்தான் முழுக்க விரியும். வெளிச்சம் குறைந்திருக்கும் இந்த ஓரிரு ஆண்டுகள் உள்பக்க உபகோள்களைத் தேட நல்லவை. இயாபெற்றஸைத் தேடுவதானால் அது சனிக்கு மேற்கே இருக்கும் வாரங்களில் தேடுங்கள். அதன் ஒரு முகம் கரி போலக் கறுப்பு, கிழக்கே போகும்போது அந்த முகந்தான் நம் பக்கம். அதைக் கண்டுபிடித்த வானியலாளர் கசினி பல ஆண்டுகள் கிழக்கே தேடியும் காணவில்லை, 1705 இல்தான் அங்கே அகப்பட்டது. கிழக்கே இருக்கும்போது 4 அங்குலத் தொலைகாட்டிக்கும் அது மிகக் கடினந்தான்.